சூட்டு வலி இல்லை, நீர்க்கட்டி

நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்குத் தனக்கென்று ஒரு வலி வர நேரம் கிடையாது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே அடுப்படியிலும் ஆபீசிலும் வயலிலும் வேலையை முடித்திருக்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டாம். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் திருவண்ணாமலையில் ஒரு டாக்டரம்மா நடத்திய சின்ன நர்ஸிங் ஹோமில் வேலை பார்த்தேன். பெண்களுக்கு மட்டும்தான் வைத்தியம். கட்டில் கம்மி, கூட்டம் ஜாஸ்தி. வயிற்றுக்குள் இருப்பதைப் படம் காட்டும் ஸ்கேன் அப்போது வரவில்லை. டாக்டரம்மாவின் விரல்களும், வந்தவள் வாயைத் திறந்து சொல்வதும்தான் எங்களுக்கு வழி.

என் வயிறு

சில மாதமாகவே எனக்கு வலது பக்கம் அடிவயிற்றில் கனமாக ஒரு வலி இருந்தது. ஊரில் எல்லோரும் சொல்வதுபோல் நானும் சூடு என்று சொல்லிக்கொண்டு, மோரைக் குடித்துவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலை ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே ஏதோ கிழிந்தது போல இருந்தது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கண் திறந்தபோது பேஷண்ட் படுக்கிற கட்டிலில் நான் படுத்திருந்தேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார். முட்டைப்பை ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான். மாதாமாதம் அதில் சின்னதாக ஒரு கொப்புளம் கிளம்பி, உடைந்து, முட்டை வெளியே வரும். சில மாதம் அது உடையாமல் நீர் கோத்துக்கொண்டு பெரிதாகிவிடும். அதுதான் நீர்க்கட்டி. உனக்கு அப்படி ஒன்று இருந்து இன்றைக்கு உடைந்திருக்கிறது. வெறும் நீர் என்றால் தானே அடங்கிவிடும். ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும். எது என்று பொறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நாடியைப் பிடிப்பார், பிரஷர் பார்ப்பார், வயிற்றைத் தொடுவார். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை பேர் பயந்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்துக் கட்டில் பேஷண்ட் எனக்காகச் சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் நாடி நிதானத்துக்கு வந்தது. வலி வயிறு முழுக்கப் பரவி, பிறகு மெல்ல வடிந்தது. டாக்டரம்மா எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து சொன்னார்: “இனிமே அடுத்தவங்க வயித்தை அமுக்கி ‘இங்க வலிக்குதா’ன்னு கேக்கும்போது கொஞ்சம் மெதுவா அமுக்குவே.”

வளையல் போட்ட கை

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து முனியம்மா என்று ஒருத்தியை அவள் புருஷன் மாட்டு வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தான். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போடுகிற குடும்பம். கல்யாணமாகி வெகுநாள் கழித்து இப்போதுதான் வயிறு தெரிகிறதாம். வளைகாப்பு நடத்தி, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். மாதம் கடந்தும் வலி எடுக்கவில்லை, சாப்பிட்டால் மூச்சு முட்டுகிறது என்று வந்திருந்தாள். முகமும் தோளும் வற்றிப்போய், வயிறு மட்டும் முன்னால் நின்றது.

டாக்டரம்மா குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கும் குழலை அவள் வயிற்றில் வைத்தார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். வெளியே ஜட்கா வண்டிச் சத்தம் கேட்கிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். அப்புறமும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றிருந்த புருஷனையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார். இது கர்ப்பம் இல்லை. முட்டைப்பையில் வளர்ந்த கட்டி. சிலதுக்கு வலியே இருக்காது, அதனால் வளர்ந்துகொண்டே போகும். வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். விட்டால் ஆபத்து.

அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். மறுநாளே அவளை வேலூருக்குக் கூட்டிப்போனான். பறங்கிக்காய் பெரிசு கட்டியை எடுத்தார்களாம். கேன்சர் மாதிரி விஷக் கட்டி இல்லை என்றும் சொன்னார்களாம். அறுப்புக் காலத்தில் உடம்பு தேறி எங்களைப் பார்க்க வந்து, ஒரு முறம் மல்லாட்டை கொடுத்துவிட்டுப் போனாள். ஆனால் அவளை நினைத்தால் எனக்கு அந்த முதல் நாள்தான் முன்னால் வருகிறது. டாக்டரம்மா சொல்லி முடித்ததும் அவள் அழவில்லை. வளையல் கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அப்ப இத்தினி நாளா நான் யார் கூட பேசினு இருந்தேன்?”

தீபத்தன்று

கார்த்திகை தீபத்தன்று மத்தியானம், கோயில் குருக்கள் ஒருவரின் மகள் விசாலத்தை அவள் அம்மாவும் மாமாவும் தூக்காத குறையாகக் கொண்டுவந்தார்கள். கூட்டத்தில் வண்டி எதுவும் நகரவில்லை. காலையில் குடத்தைத் தூக்கும்போது இடது பக்கம் சுரீரென்று பிடித்ததாம். விட்டு விட்டு வந்த வலி, பிறகு விடாமல் பிடித்துக்கொண்டது. வாந்தி நிற்கவில்லை. வாய்வு என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கட்டிலில் நீட்டிப் படுக்க முடியாமல், முட்டியை மார்போடு மடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கிடந்தாள்.

டாக்டரம்மாவுக்குக் கையை வைத்ததுமே முகம் மாறிவிட்டது. கட்டி இருக்கிறது, அது முட்டைப்பையோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டுவிட்டது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கியதில் ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கும். உடனே திறந்தாக வேண்டும் என்றார். வேலூருக்கு அனுப்பலாம் என்றால் ரோடு முழுக்க ஜனம். இங்கேயே செய்ய வேண்டியதுதான். ஆனால் பெண்ணின் அப்பா கோயிலுக்குள் தீப வேலையில் இருக்கிறார், தகவல் சொல்லப் போன மாமா கூட்டத்தில் உள்ளே நுழைய முடியாமல் திரும்பி வந்துவிட்டார். கல்யாணமாகாத பெண் வயிற்றில் கத்தி வைக்க அப்பாவைக் கேட்காமல் எப்படிச் சரி என்பது என்று அந்த அம்மாள் தவித்தார். முட்டைப்பை ஒன்றை எடுக்க வேண்டி வரலாம் என்பதையும் டாக்டரம்மா மறைக்கவில்லை. உள்ளேயிருந்து விசாலம் முனகுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. நான் ஓடினேன். மயங்கியிருந்தாள்.

முதுகில் ஊசி போட்டு மரக்கவைத்து வயிற்றைத் திறந்தோம். முட்டைப்பை நாவல்பழமாகக் கறுத்துப் போயிருந்தது. காப்பாற்ற வழியில்லை, எடுத்துவிட்டார். மறுபக்கத்து முட்டைப்பை நன்றாக இருந்தது. தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது ஊரே ஒரே குரலாக ‘அரோகரா’ என்றது. டாக்டரம்மா தலை நிமிரவில்லை. திரைத்துணிக்கு அந்தப் பக்கம் கண் விழித்திருந்த விசாலம் உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டாள். இதற்கெல்லாம் அனுமதி எப்படிக் கிடைத்தது என்றால், மகள் மயங்கிக் கிடந்ததைப் பார்த்ததும் அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: “அவர் வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க ஆக வேண்டியதைப் பாருங்கோ.”

பெண் பார்க்க வந்தவர்கள்

விசாலத்துக்கு வரன் வந்தது. அவள் அம்மா என்னிடம் வந்து, பெண் பார்க்கிற அன்று நீயும் கூட இரு, தழும்பைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிவிடு என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு முட்டைப்பை இருந்தாலே குழந்தை பிறக்கும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதை யார் நம்புவார்கள் என்பதுதான் அந்த அம்மாளின் பயம். நான் தலையும் ஆட்டவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போய் ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

கேசரி கொடுத்து, நமஸ்காரம் பண்ணி, எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பி, பெண்ணுக்கு ஏதோ ஆபரேஷன் ஆனதாமே, என்ன அது என்று கேட்டார். கூடமே என்னைப் பார்த்தது. தலை குனிந்து உட்கார்ந்திருந்த விசாலம் அப்படியே இருந்தபடி, முட்டைப்பையில் கட்டி வந்தது, ஒன்றை எடுத்துவிட்டார்கள், ஒன்று இருக்கிறது என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தாள். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை. அம்மாவும் மகளும் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு போளூரில் ஒரு இடம், எல்லாம் தெரிந்தே கேட்டு வந்தார்கள். கல்யாணமான இரண்டாம் வருஷம் விசாலத்துக்குப் பெண் குழந்தை, எங்கள் நர்ஸிங் ஹோமில்தான். பிரசவ வலி தொடங்கியதிலிருந்து வராந்தாவில் நின்ற கால் மாற்றாமல் நின்ற அந்த அம்மாள், குழந்தையை என் கையிலிருந்து வாங்கும்போது சொன்னார்: “நல்ல வேளை, இவ என் பேச்சைக் கேக்கலை.”

டீச்சரின் சந்தேகம்

விசாலம் கதை ஊருக்குள் பரவியதும், வயிற்று வலி வந்தவர்களெல்லாம் கத்தியை எதிர்பார்த்தே வந்தார்கள். அவர்களில் ஒரு ஸ்கூல் டீச்சர். சின்ன நீர்க்கட்டிதான், வலியும் கம்மி. இதற்குக் கத்தி வேண்டாம், இரண்டு தீட்டுக் காலம் பொறுத்துப் பார்ப்போம், திடீரென்று தாங்கமுடியாத வலியோ வாந்தியோ காய்ச்சலோ மயக்கமோ வந்தால் மட்டும் அந்த நிமிஷமே வந்துவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. டீச்சருக்குக் கோபம். அதுவரைக்கும் உள்ளே வெடிக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

சொல்லிக்கொடுத்தார். வாய்ப்பாடு சொல்லும்போதெல்லாம் ஒரு கை வயிற்றில்தான் இருந்ததாம். மாடிப்படி ஏறமாட்டார், குனியமாட்டார், சிரிக்கவும் பயம். தெருவில் என்னைப் பார்த்தால் நின்று, இன்றைக்கு இந்த இடத்தில் சுருக்கென்றது என்று தொட்டுக் காட்டுவார். எனக்கும் உள்ளூர பயம்தான். விசாலம் கிடந்த கிடப்பு கண்ணுக்குள் இருந்தது. கெடு முடிந்து வந்து படுத்தார். டாக்டரம்மா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கட்டியைக் காணோம். தானே வற்றிவிட்டது, பெரும்பாலும் இப்படித்தான், போய் வாருங்கள் என்றார். டீச்சர் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து கேட்டார்: “போச்சுன்னு சொல்றீங்க, சரி. எங்க போச்சு?”

மொத்தத்தில், அந்த நர்ஸிங் ஹோமில் கட்டியை எடுக்க ஆன நேரம் கொஞ்சம்தான், ‘எனக்கு வலிக்குது’ என்று ஒருத்தி வாயைத் திறந்து சொல்ல ஆன நேரம்தான் ஜாஸ்தி.