மூன்று யாழ்ப்பாணம்–கொழும்பு

சனிக்கிழமை காலை ஏழேகால் மணி. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ஏவன்டேல் வீட்டின் சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, தென் அமெரிக்காவின் மீது கிடந்த கறுப்புத் தையல் நூல். மகளின் பள்ளி அட்லஸை விரித்து, நூலின் ஒரு முனையைச் சான்டியாகோவிலும் மறுமுனையைப் புவெனஸ் அயர்ஸிலும் விரலால் அழுத்திப் பிடித்திருந்தார் வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர். நான் சென்னையிலிருந்து வந்து அவர் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டுமானால் யாரையாவது கேட்க வேண்டும், அல்லது நாமே அளக்க வேண்டும்.

அவருடைய தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். சிலியில் கப்பலை விட்டு இறங்கி, சான்டியாகோவிலிருந்து புவெனஸ் அயர்ஸுக்குப் பறந்து, அன்றைக்கே ஆக்லாந்து விமானத்தைப் பிடிக்க வேண்டும். தவறவிட்டால் கப்பல் கம்பெனி அவரை நேரே கொழும்புக்கு அனுப்பிவிடும். அண்ணனும் தம்பியும் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

நூலை அட்லஸின் அளவுகோலில் வைத்துப் பார்த்தார்.

"ஆயிரத்து நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட வருது. மூண்டு யாழ்ப்பாணம் கொழும்பு."

"அப்படின்னா எவ்வளவு நேரம் ஆகும்ண்ணே?"

"இப்ப சண்டைக்குள்ள ஒரு யாழ்ப்பாணம் கொழும்புக்கே பாஸ் எடுத்து, கிளாலிக் கடலில வள்ளம் ஏறி, வவுனியாவில ஆமி மறிச்சு வச்சு விட, கிழமைக்கணக்கு. மூண்டெண்டால் நீரே கணக்குப் பாரும் தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கார் சாவியை எடுத்தார்.

பக்கத்து நியூ லினில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண்.

"ரெண்டு மணி நேரம்தான் அண்ணே. நடுவுல மலை இருக்கு, அவ்வளவுதான்."

"ஒரு கிழமை முந்தி அனுப்பும் பிள்ளை. அங்க போய்க் கிடக்கட்டும்."

"ஒரு வாரம் முன்னாடியே போய்க் கிடக்க முடியாதுண்ணே. அர்ஜென்டினா விசா இல்ல. அதே நாள் பிளைட் மாறினாத்தான் விடுவாங்க."

"இடையில செக்பொயின்ற்?"

"ஆகாயத்துலயா?" என்று சிரித்தார் அந்தப் பெண்.

"எங்கட ஆகாயத்தில இருக்கு பிள்ளை."

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். டிக்கெட் மாறவில்லை.

அன்று மாலை தம்பி தொலைபேசியில் அழைத்தார். அண்ணன் நின்றுகொண்டே பேசினார்.

"அடையாள அட்டையைச் சட்டைப் பையில வை. தண்ணியும் ரெண்டு அப்பிளும் கொண்டு போ. ஆர் கேட்டாலும் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எதிர்க்கதை கதையாதை."

அடுத்த வாரம் விமான நிலையத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் ஓர் அடி முன்னே போய்ப் பின்னே வந்தார். கூட்டம் முக்கால்வாசி கலைந்த பிறகு, கடல் வெயிலில் கறுத்த ஒருவர் சின்னப் பையுடன் வெளியே வந்தார். இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. அண்ணன் பையை வாங்கிக்கொண்டார்.

"எங்கெங்க மறிச்சவங்கள்?"

"ஒருத்தரும் மறிக்கேல்ல அண்ணை. மலைக்கு மேல வரேக்க சாப்பாடு தந்தவங்கள். நான் சாப்பிட்டு முடிக்கேல்ல, பிளேன் இறங்கிட்டுது."

"உண்மையாவோ?"

"ஓம். இஞ்சதான், பழம் கொண்டு வரக்கூடாதெண்டு மறிச்சு அப்பிளைப் பறிச்சவங்கள்."

அண்ணன் சத்தமாகச் சிரித்தார். அந்த வீட்டில் இருந்த காலத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். பின்சீட்டில் இருவரும் ஒரே பார்சலில் இடியப்பம் சாப்பிட்டார்கள்.