சிவப்பு மஞ்சள் கேப்சூல்

எழுபதுகளில் ஆண்டிபட்டியில் எங்கள் தெருவுக்கு மளிகைக்கடையும் மருந்துக்கடையும் ஒன்றுதான். கருவாடு நிறுத்த கையைக் கழுவாமல் அப்படியே கண்ணாடி ஜாடிக்குள் விட்டு, சிவப்பும் மஞ்சளுமான கேப்சூலை எடுத்துத் தருவார் கடைக்காரர். டாக்டர் சீட்டு என்று யாரும் கேட்டதில்லை. காய்ச்சலுக்கும் அதுதான், கட்டிக்கும் அதுதான், பல்வலிக்கும் அதுதான்.

அதையாவது ஒழுங்காக விழுங்குவார்களா? முழுசாக விழுங்கினால் உடம்புக்குச் சூடாம். கேப்சூலைப் பிரித்துப் பாதித் தூளை மோரில் கலக்கிக் குடிப்பார்கள். மீதியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் புண்ணில் அப்புவார்கள். வலி கொஞ்சம் விட்டதும் மிச்ச மாத்திரை அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

என் அண்ணன் தறி நெய்கிறவன். மிதிகட்டையை அழுத்தும் வலது காலில் துருப்பிடித்த ஆணி ஏறிவிட்டது. தேனி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன்.

"அங்கன போனா நாள் முழுக்க நிக்க வைப்பாக. கல்யாணச் சேலை தறியில கெடக்குல்ல" என்றான்.

மதினி கடைக்கு ஓடினாள். தூளும் எண்ணெயும் சேர்ந்து புண்ணின்மேல் மஞ்சள் அடையாகக் காய்ந்தது. ஆறிவிட்டது என்று மறுபடி தறிக்குழியில் இறங்கினான். உள்ளே அழுகிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நாற்றம் அடித்தது. மதினி அதற்குச் சாம்பிராணி போட்டாள். புண்ணைவிட அந்தச் சாம்பிராணிதான் எனக்கு அதிகம் குமட்டியது.

காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் தேனிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் அந்த அடையைச் சுரண்டினார். கீழே இருந்ததை நான் எழுதப் போவதில்லை. என்ன போட்டீர்கள் என்று கேட்டார். மதினி சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. இனி எதை வைத்து மிதிகட்டையை அழுத்துவான்?

வீடு திரும்பியதும் முதலில் பார்க்க வந்தவர் கடைக்காரர். நோயாளியைப் பார்க்க வருகிறவர் ஆரஞ்சோ ரொட்டியோ கொண்டுவருவார். இவர் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே அதே சிவப்பு மஞ்சள்.

"காசு வேண்டாம் தம்பி. போன தடவ தூளக் கொறச்சுப் போட்டுட்டீக, அதான் இப்பிடி ஆயிருச்சு. இப்பத் தாராளமாப் போடுங்க."

பொட்டலத்தில் கருவாட்டு வாடை. பிடுங்கி எறிய நான் கை நீட்டுவதற்குள் அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஏலே, இவுகதான் நம்மள நெனச்சுப் பாத்து மொதல்ல வந்துருக்காக" என்றான் என்னிடம்.

மதினி அதற்குள் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்துவிட்டாள்.