பேசுறது போகுதா?

வயர்லெஸ் செட் ரிப்பேரில் பெரிய தொல்லை என்னவென்றால், தான் பேசுவது போகவில்லை என்பது பேசுகிறவருக்குத் தெரியவே தெரியாது. எதிர்ப்பக்கத்துக் குரல் கணீரென்று கேட்கும். பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். ஆனால் காற்றில் போவது ஒன்றும் இருக்காது.

டிப்ளமோ முடித்து 2004-ல் கடலூரில் ஒரு வயர்லெஸ் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். வீடு சிதம்பரம், தினமும் பஸ். வண்டிகளில் மாட்டும் செட்டுகளைக் கம்ப்யூட்டரில் இணைத்து, லைசென்ஸில் கொடுத்த புது அலைவரிசையை ஏற்றித் தருவது எங்கள் வேலை. ஏற்றிக் கொடுத்த கையோடு ‘பேசுறது போவல’ என்று போன் வரும். இதே வேலையில் இருந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

‘ஹை’ என்று காட்டியது

சிதம்பரத்தில் ஒருவர் கால் டாக்ஸி ஆரம்பித்து, வெளியூரிலிருந்து பழைய செட்டுகள் வாங்கி வந்திருந்தார். அங்கே யாரோ ஒரு செட்டில் இருந்ததை அப்படியே காப்பி எடுத்து எல்லாவற்றிலும் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு செட்டுக்கும் பவர் அளவைத் தயாரிக்கும் இடத்திலேயே தனித்தனியாகச் சரிபார்த்துப் பதிந்திருப்பார்கள். அது அழிந்துவிட்டால், டிஸ்ப்ளேயில் ‘ஹை’ என்று காட்டும். இருபத்தைந்து வாட் வர வேண்டிய இடத்தில் இரண்டு வாட் வரும்.

அந்த டாக்ஸியின் டிரைவர் ராஜவேலு, பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணைப் பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைக்கும்படி ஆபீசைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாராம். அவர் பேசியது போய்ச் சேரவே இல்லை. பின்சீட்டில் அந்தப் பெண்ணின் அம்மா அழ, இவர் ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் மைக்குமாக வந்து சேர்ந்திருக்கிறார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அடுத்த நாள் செட்டைக் கழற்றி என் மேஜையில் வைத்தார். “நான் எங்கியோ தூங்குறேன்னு நெனச்சு ஆபீஸ்ல திட்டிக்கிட்டே இருந்தாங்க மேடம், அது மட்டும் நல்லா கேட்டுச்சு.”

பூட்டிக்கொண்ட கார்

கம்மாபுரம் பக்கம் மண் லாரிகள் ஓட்டிய கான்ட்ராக்டர் ஒருவருக்கு எவ்வளவு பவர் கொடுத்தாலும் போதாது. “இன்னும் ஜாஸ்தியா வைம்மா” என்பார். செட் தாங்காது என்று நான் மறுத்ததும், வேறு எங்கோ போய் ஏற்றிக்கொண்டார். பிறகு, செட் தோசைக்கல் மாதிரி சுடுகிறது என்று, அதை மாட்டியிருந்த தன் புதுக் காரோடு எங்களிடமே வந்தார். முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக் காட்டச் சொன்னேன். பட்டனை அழுத்தினார். டக்கென்று நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

ஆன்டெனாவிலிருந்து கிளம்பிய அலை காரின் வயர்களுக்குள் புகுந்து, கதவுப் பூட்டைக் குழப்பியிருக்கிறது. திறக்கும் பொத்தானை அமுக்கினேன், அசையவில்லை. கண்ணாடி நாலும் ஏறியிருந்தது. செட்டுக்குள்ளிருந்து கருகும் வாடை வர ஆரம்பித்தது. சாவி வெளியில் நின்ற டிரைவரிடம். அவரோ நாங்கள் கண்ணாடியைத் தட்டுவதைப் பார்த்து, போகச் சொல்கிறோம் என்று நினைத்து டீக்கடைப் பக்கம் நடந்தார். கான்ட்ராக்டர் ஹாரனை விடாமல் அடித்த பிறகுதான் திரும்பி வந்து திறந்தார். வியர்வையில் நனைந்து இறங்கிய கான்ட்ராக்டர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு சொன்னார்: “பவரக் கொறச்சுடும்மா, நான் வேணா கொஞ்சம் கத்திப் பேசிக்கிறேன்.”

குடிகாட்டில் சைரன்

குடிகாடு பக்கத்து கெமிக்கல் கம்பெனி ஒன்றில் அலைவரிசை மாறியது. செட்டுகளை மாற்றிக் கொடுத்தோம். பாதுகாப்பு ஜீப்பின் ஆன்டெனா பழைய அலைவரிசைக்கு ஏற்ற நீளத்தில் வெட்டியது, அதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அளவு தப்பிய ஆன்டெனாவில் அலை வெளியே போகாமல் செட்டுக்கே திரும்பும். செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பவரைத் தானே குறைத்துக்கொள்ளும். புதுசு வாங்க அனுமதி வர இழுத்தடித்து, ஒருவழியாக அதை மாட்ட நானும் எங்கள் கடை ஆன்டெனாக்காரர் நாசர் பாயும் போய் ஜீப்பை நெருங்குகிறோம், சைரன் பிடித்துக்கொண்டது.

மூக்கை எரிக்கும் நெடி. ஜீப்புக்குள் சேஃப்டி ஆபீசர் மைக்கில் கத்துகிறார், “கேட்! கேட்! தண்ணி வண்டிய பின்பக்கமா அனுப்பு!” பதில் இல்லை. கேட் அங்கிருந்து கண்ணுக்கே தெரியாத தூரம், நடுவில் டாங்கிகள். எனக்கு ஓடத்தான் தோன்றியது, எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. நாசர் பாய் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, பழைய ஆன்டெனாவைத் திருகி எறிந்துவிட்டு, பையிலிருந்த புதுசை மாட்டினார். ஆபீசர் மறுபடி அழுத்தினார். “சொல்லுங்க சார்” என்றது கேட். தண்ணீர் வண்டி வந்தது, கசிவை அடைத்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேன்டீனில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாய் சொன்னார்: “சைரன் சத்தத்துல நான் அல்லான்னு சொன்னது எனக்கே கேக்கல ஸ்டெல்லா, அந்தக் கேட்டுக்காரன் கொரல் மட்டும் கேட்டுச்சு.”

இரைச்சல் அடங்கியபோது

இன்றைக்கும் என்னை விடாதது இதுதான். கடலூர் முதுநகரில் மணிமாறன் என்பவரின் விசைப்படகுக்குச் செட் மாற்றிக் கொடுத்தோம். கடை மீட்டரில் பவர் முழுசாக வந்ததை நானே பார்த்தேன். அடுத்த முறை அவர் கடலுக்குப் போனபோது காற்று கிளம்பியது. மற்ற படகுகள் திரும்பிவிட்டன, அவருடையது வரவில்லை. அவர் மனைவி தேவி கடைக்கு வந்து, என் கையைப் பிடித்துத் துறைமுகக் கொட்டகைக்கு இழுத்துப் போனார். அங்கே கரை செட்டில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிய ஆட்கள் நின்றார்கள். ‘நீங்க பாத்த செட்டுதானே’ என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம்.

செட்டில் வெறும் இரைச்சலை அடக்கி வைக்கும் வசதி உண்டு, அதை நிறுத்தினேன். கொட்டகை முழுக்க உஸ்ஸென்று இரைச்சல். காதை ஒட்டி வைத்துக் கேட்டபோது, இடையில் ஒரு மூச்சு நேரம் அந்த இரைச்சல் லேசாக அடங்கி மறுபடி எழுந்தது. அலை ஏதாவது வந்தால்தான் இரைச்சல் அப்படி அடங்கும்; யாரோ பட்டனை அழுத்துகிறார்கள். குரல் வந்து சேரவில்லை, அழுத்துவது மட்டும் வந்து சேருகிறது. “மணிமாறன் அண்ணே, நான் பேசுறது கேட்டா ஒருவாட்டி அமுக்கி வுடுங்க” என்றேன். அடங்கியது. “இனிமே ஆமான்னா ஒருவாட்டி, இல்லன்னா ரெண்டுவாட்டி. எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” ஒருமுறை அடங்கியது. இரண்டாவது வந்துவிடுமோ என்று கொட்டகையே மூச்சைப் பிடித்து நின்றது. வரவில்லை.

எஞ்சின் ஓடுதா? இரண்டுமுறை. நங்கூரம் போட்டாச்சா? ஒருமுறை. தேவி மைக்கை வாங்கி, “பரங்கிப்பேட்டை பக்கமா இருக்கீங்க?” என்றார். ஒருமுறை. மணிமாறனுக்கு மச்சான் முறையுள்ள ஒருவர் படகெடுத்துப் போய், சாயங்காலத்துக்குள் கட்டி இழுத்து வந்தார். செட்டில் குறையில்லை, அதைப் படகில் மாட்டிக் கொடுத்த ஆள், விளக்குக்குப் போன மெல்லிசு வயரிலிருந்து கரண்ட் எடுத்திருந்தார். எஞ்சின் நின்று பாட்டரியும் இறங்க, பட்டனை அழுத்தும்போதெல்லாம் செட் சோர்ந்துபோயிருக்கிறது. புருஷனைப் படகிலிருந்து இறக்கிக் கூட்டி வந்த தேவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “கரையில இருக்கும்போது நான் கேக்குறதுக்கு இந்த அளவுக்குக்கூட பதில் சொன்னவரு இல்ல மேடம்.”

நன்றாக வேலை செய்கிற செட்டைப் பற்றிச் சொல்ல யாரும் எங்களுக்குப் போன் பண்ணியதில்லை என்பதால், போன் அடிக்காத நாளையே நாங்கள் பாராட்டு விழாவாகக் கொண்டாடிக்கொண்டோம்.