நான்காவது மூலை

என் கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மூன்று மூலைகளில் மஞ்சள். நான்காவதில் அச்சு மை படிந்த கட்டைவிரல் ரேகை. அது என் அண்ணியுடையது.

பென்னாகரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அண்ணன் அச்சகம் வைத்திருந்தான். காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் மெஷின். சேலத்துக்குக் காகிதம் வாங்கப் போனவன், திரும்பும்போது தொப்பூரில் லாரி கவிழ்ந்து இறந்துபோனான். அந்த மழைக்காலம் முழுக்க மெஷினை யாரும் தொடவில்லை. வஜ்ஜிரப் பசையும் வெல்லமும் காய்ச்சி வார்த்த மை உருளைகளை எலிகள் தின்றுவிட்டன. மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அண்ணியையும் கைக்குழந்தையையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் அப்பா. அங்கே அவளை வேண்டி அழைக்க யாருமில்லை.

அண்ணி வாதாடவில்லை. மண்ணெண்ணெயும் தேங்காய் நாருமாக மெஷினடியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை தூங்கும் நேரமெல்லாம் துரு தேய்த்தாள். தர்மபுரியிலிருந்து பாய் ஒருவர் வந்து உருளைகளைப் புதிதாக வார்த்துக் கொடுத்தார். சக்கரம் முதல்முறை சுற்றியபோது அவள் அழுதாள். எனக்கோ அதை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. அண்ணனைக் கொண்டுபோனது போதாதா?

கருமாதிப் பத்திரிகைகள் வந்தன. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்கள் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்ததும், நல்ல நாள் பார்த்து வருவதாகச் சொல்லிப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. சாவை மட்டும் நம்பி ஓர் அச்சகம் எத்தனை நாள் ஓடும்? அப்பா மறுபடி இரும்புக்கடைப் பேச்சை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு வரன் முடிந்தது. பத்திரிகை நம் வீட்டில்தான் அடிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அப்பாவைவிட அண்ணிதான் அதிகம் பயந்தாள்.

“வாணாங் கண்ணு. நாளைக்கி உனக்கு ஒன்னுன்னா இந்தக் கையத்தான் சொல்லுவாங்க.”

நான் விடவில்லை. அடித்துக் கொடுத்தாள். மஞ்சள் வைக்கும்போது மட்டும் எட்டிப்போய் நின்றுகொண்டாள். வந்த கோபத்தில் அவள் கையைப் பிடித்திழுத்து, மை காயாத விரலை ஒரு பத்திரிகையின் மூலையில் அழுத்தினேன்.

என் கல்யாணம் நல்லபடியாக நடந்த பிறகு ஊர் மெல்ல இறங்கி வந்தது. கல்யாண வேலைகள் கிடைத்தன. மெஷின் தங்கியது, அவளும் தங்கினாள். ஆனால் நிம்மதியாக இருந்ததாகத் தெரியவில்லை. என் கணவருக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றாலும் பஸ் பிடித்து வந்துவிடுவாள். வாசலிலேயே நின்று, “அவங்க நல்லா இருக்காங்களா?” என்பாள். பதில் கிடைத்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். வயதான பிறகும் அப்படித்தான்.

போன வருடம் அண்ணி போய்விட்டாள். இன்று காலை என் கணவர் வழக்கம்போல் மாடியேறித் துணி உலர்த்திவிட்டு வந்தார். நான் பெட்டியைத் திறந்து அந்த மூலையைத் தடவிப் பார்த்தேன். வாய் தானாகச் சொன்னது.

“நல்லா இருக்காங்க அண்ணி. உள்ள வாங்க.”