கட்டை விரலும் ஸ்க்ரீனிங் தேர்வும்

டாக்டருக்குப் படித்து முடித்த பிறகும் டாக்டராக இல்லாமல் இருப்பது ஒரு தனித் தொழில். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வந்து, ஸ்க்ரீனிங் தேர்வு என்ற கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் சகபாடிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அதில் தேறினால்தான் இங்கே வைத்தியம் பார்க்கலாம். நான் இரண்டு முறை தேறவில்லை.

எனக்கு ஊர் சேரப்பணஞ்சேரி. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் உதவியாளர் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்துப் பெயரும் தொந்தரவும் எழுதுவேன். மருந்து கொடுப்பது கிரேஸி சிஸ்டர், பரிசோதிப்பது மதியம் வரும் டாக்டர். கம்பெனியில் விபத்துகளைத் தடுக்கும் சேஃப்டி பிரிவில் எனக்கு நிரந்தர வேலை தரத் தயாராக இருந்தார்கள். இந்த முறையும் போய்விட்டால் அந்த வேலையில் உட்கார்ந்து, டாக்டர் ஆசையை மூட்டை கட்டிவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். இருப்பது ஒரே வாய்ப்பு. எந்தக் கோச்சிங்கில் சேருவது?

தாலாட்டுக் குரல்

முதலில் ஒரு ஆப். சேருவதற்கு முன் சில வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம் என்றார்கள். உடற்கூறியல் எடுத்தவருக்கு அப்படியொரு குரல். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டேன். ஏரி மேல் பனி இன்னும் கலையவில்லை. தோள்பட்டை நரம்புகள் ஐந்து வேர்களாகக் கிளம்பி, சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து கைக்குள் இறங்கும் கதையை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பஸ் ஒரகடம் கூட்டு ரோட்டை நெருங்கியது. ஸ்ரீபெரும்புதூர் ரோடு, படப்பை ரோடு, வாலாஜாபாத் ரோடு, சிங்கப்பெருமாள் கோவில் ரோடு எல்லாம் பாடப் படத்தில் இருப்பதுபோல மஞ்சள் நரம்புகளாக மாறின. புதுக் கார்களை ஏற்றிய ட்ரெய்லர்கள் சத்தமே இல்லாமல் விரல் நுனிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. பாலத்துக்கு மேலே நான் மிதந்துகொண்டிருந்தேன். கீழே இறங்க மனசே வரவில்லை.

கண் விழித்தபோது பஸ் ஏதோ ஒரு பொட்டலில், வேப்ப மர நிழலில் நின்றிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. ஷிப்ட் ஆரம்பித்து வெகு நேரம் ஆகியிருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்ட டிரைவர் அண்ணன் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கேட்டார்:

"இன்னாம்மா, மயக்க ஊசிய உனக்கே போட்டுக்கினியா?"

ஒரு வார்த்தை மயக்கம்

அடுத்தது ஒரு போன். எங்கேயோ ஒரு மாதிரித் தேர்வுக்கு நம்பர் கொடுத்திருந்தேன். அந்தக் கோச்சிங்கின் ஆலோசகர் பிடித்துக்கொண்டார். "சாப்டீங்களா டாக்டர்? எந்தப் பாடம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கு டாக்டர்?" என்று வாய்க்கு வாய் டாக்டர். கம்பெனியில் நான் "எம்மா", ஷேர் ஆட்டோவில் "அந்த அக்கா, தள்ளி உக்காரு". உலகத்திலேயே என்னை டாக்டர் என்று கூப்பிட்ட ஒரே ஜீவன் அவர்தான்.

சாயங்காலம் அவர் போன் வரும் நேரத்துக்கு மாடிக்குப் போய்விடுவேன். தூரத்தில் கம்பெனி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும். அவர் பேசப் பேச, என் மேல் வெள்ளைக் கோட்டு தானாக வந்து படியும். "எப்ப சேர்றீங்க டாக்டர்?" என்பார். "நாளைக்குச் சொல்றேனே" என்பேன். நாளைக்கும் கூப்பிட வேண்டுமே.

கடைசியில் அங்கேயே சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்து இசக்கியிடம் சொன்னேன். இசக்கி திருநெல்வேலிக்காரி. கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் என்னோடு குளிரில் நடுங்கியவள், அதே தேர்வில் என்னோடு சேர்ந்து தோற்றவள். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தாள். அவர்கள் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்கள் தெரியுமா என்று நான் அளந்ததை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஏட்டி, அவன் எனக்கும்தான் போன் போடுதான். நேத்து நான் குளிக்கப் போயிருந்தப்ப எங்க மெஸ் அக்காதான் என் போன எடுத்தா. அவளையும் டாக்டர்னுதான் கூப்பிட்டிருக்கான்."

தட்டினால் ஓடும்

இசக்கி டெல்லிக்குப் போக முடிவு செய்தாள். அங்கே ஹாஸ்டலும் வகுப்பும் ஒரே கட்டடத்தில். எனக்கு அது ஒத்துவரவில்லை. வேலையை விட்டுப் போனால் நிரந்தர வேலையும் கை நழுவிவிடும். ரயிலேறும் முன் அவள் ஒரு வித்தை கற்றுக்கொடுத்தாள். எந்த வகுப்பானாலும் செல்போன் திரையின் மூலையில் கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால், வாத்தியார் ரெண்டு மடங்கு வேகத்தில் பேசுவார். அப்புறம் கேட்க வேண்டுமா? எல்லாக் கோச்சிங்கின் இலவச வகுப்புகளையும் அந்த வேகத்தில் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். எல்லா வாத்தியார்களும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி பேசினார்கள்.

அதன் பிறகு காதில் இருந்து கழற்றினால் உலகம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது. பஸ் ஊர்ந்தது, கிரேன் ஊர்ந்தது, கேண்டீன் சாம்பார் கரண்டியிலிருந்து இறங்கவே யோசித்தது. யாராவது பேசினால் என் கட்டை விரல் தானாக எழுந்து காற்றைத் தட்டியது. அதிகம் தட்டியது அப்பாவுக்கு. அவர் எங்கள் பக்கத்துக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. வேலையில் பேசுவதெல்லாம் "பாஸ் எங்க?" என்ற ஒன்றுதான். வீட்டில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நாம் டீ குடித்துவிட்டு வரலாம். அவர் ஆரம்பித்த வாக்கியத்தை நானே முடித்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

ஒருநாள் முதலுதவி அறைக்குத் தலைவலி என்று ஒரு தொழிலாளி வந்தார், மதுரைப் பக்கத்துக்காரர். ரூமில் ஃபேன் ஓடாத கதையிலிருந்து ஆரம்பித்தார். என் விரல் மேஜையைத் தட்டியது. "தூக்கமில்லை" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். கிரேஸி சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு மிச்சத்தைக் கேட்டார். ஃபேன், ஓனர், மொட்டை மாடி எல்லாம் வந்து, கடைசியில்தான் முந்தின நாள் ட்ராலி தலையில் இடித்த விஷயம் வந்தது. முதலில் எழுதியதை அடித்தேன். டாக்டருக்கு உடனே போன் போட்டுவிட்டு வந்த சிஸ்டர், என் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவரு வீடியோ இல்லம்மா. தட்டினா ஓட மாட்டாரு."

தைராய்டு

மிச்சமிருந்தது தாம்பரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடித்து, ஒரு நாள் கேட்டுப் பார்க்கப் போனேன். சார் பேச ஆரம்பித்தார். "காய்ச்சல்... னு ஒருத்தர்... வந்தா..." எனக்குப் பகீரென்றது. மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது. உற்றுப் பார்த்தேன். பேச்சு மந்தம். கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம். வெயில் காலத்தில் முழுக்கை ஸ்வெட்டர். தைராய்டு குறைந்தவர்களுக்குப் புத்தகம் சொல்லும் அடையாளங்கள் அத்தனையும். அறை முழுக்க ஒருவரும் கவலைப்படாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் போய் மரியாதையாக, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?" என்றேன். அவர் தலைக்கு மேலே விரலைக் காட்டினார். நேர் மேலே ஏ.சி. சீறிக்கொண்டிருந்தது. பிறகு அவசரமே இல்லாமல், "எப்ப இருந்து இப்பிடிப் பேசறீங்கன்னு... கேட்டியாம்மா?" என்றார். கேட்கவில்லை. "வீடியோ எல்லாம்... எந்த ஸ்பீடுல பாப்ப?" சொன்னேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஏ.சி.யையும் மீறி எனக்கு வியர்த்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எடுத்தாச்சும்மா, நார்மல். நான் பொறந்ததுல இருந்தே இப்பிடித்தான். நீதான் கேள்விய பாதியில விட்டுட்டு பதிலுக்கு ஓடற, அதுக்கு டெஸ்ட் கிடையாது."

பாஸ்

அன்றைக்கே அங்கே சேர்ந்தேன். கேள்வியை அவர் கடைசி வார்த்தை வரை வாசிப்பார். கீழே உள்ளவை எல்லாம் சரி, எதைத் தவிர என்கிற மாதிரி, அந்தக் கடைசி வார்த்தை பல நேரம் "தவிர" என்றிருக்கும். இத்தனை காலமும் அந்தத் "தவிர"வைத் தவிர எல்லாவற்றையும் நான் படித்திருந்தேன்.

தேர்வு எழுதினேன். ரிசல்ட் வந்த மதியம் கிரேஸி சிஸ்டர்தான் என் செல்போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். டெல்லியிலிருந்து இசக்கியும் தேறிவிட்டதாகச் சொல்லி அழுதாள். எனக்கு மட்டும் எதுவும் நிஜமாகப் படவில்லை. சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டு பக்கத்துக் கம்பெனிக்கு நடந்தேன். ரோடு, லாரிகள், வெயில் எல்லாம் பாலத்துக்கு மேலே மிதந்த அந்தக் காலையைப் போலவே இருந்தன.

ஷிப்ட் மாறும் நேரம். அப்பா தொப்பியோடு கேட்டில் நின்றிருந்தார். "அப்பா, பாஸ்" என்றேன். முகத்தைப் பார்க்காமலே, வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு நிமிர்ந்தார். வாயைத் திறந்தார், மூடினார். ஒரு பஸ் உள்ளே போனது. நான் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு நின்றேன். இன்னொரு பஸ்ஸும் போனது.

"வர்றவன் போறவன் எல்லாரையும் பாஸ் கேக்கறேன்... உன்ன மட்டும் ஒரு நாளும் கேட்டதில்ல... இல்லன்னு சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு பயந்துகினு இருந்தேன்மா."

எந்தக் கோச்சிங் நல்லது என்று இப்போது என்னைக் கேட்கிறவர்களுக்கெல்லாம், கட்டை விரல் சும்மா இருக்கிற இடமாகப் பார்த்துச் சேருங்கள் என்றுதான் சொல்கிறேன், அதைக் கடைசி வரை கேட்காமலே பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள்.