முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவள்

இந்தத் தீவில், ஜங்லிகாட்டில், எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் ஒரு பிரெஞ்சுக்காரி முதுகைக் காட்டி உட்கார்ந்து குளிக்கிறாள். எங்களுக்கு முன் குடியிருந்தவர் விட்டுப்போன படம். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு எண்ணெய் ஓவியத்தின் நகல் என்று பின்னால் அச்சடித்திருக்கிறது. ஊரிலிருந்து ஆள் வந்தால் என் கணவர் அதன்மேல் காலண்டரை மாட்டிவிடுவார். அவள் துணியில்லாமல் இருப்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கடல் நடுவே தண்ணீர்ப் பஞ்சம் என்றால் ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும் இந்த இடத்தில், இவளுக்கு மட்டும் ஓடை நிறையத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றுதான் வயிற்றெரிச்சல். அதுவும் தேய்த்துவிட ஒரு ஆள் இல்லாமல், பாவம், தனியாக!

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்து ஆற்றில் எந்தப் பெண்ணும் தனியாகக் குளித்து நான் பார்த்ததில்லை. பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவள் யாரென்றே தெரியாவிட்டாலும், "யக்கா, முதுகக் கொஞ்சம் தேச்சு விடுதியளா?" என்போம். பக்கத்து வீட்டு வங்காளி மாலதி தீதிக்கும் (தீதி என்றால் அக்கா) அதைப் பழக்கிவிட்டேன். தண்ணீர் வரும் காலையில் டிரம்களை நிரப்பிவிட்டு, தார்ப்பாய் மறைத்த குழாயடியில் ஒருவர் முதுகை ஒருவர் தேய்ப்போம். பீர்க்கங்காய் நாரை வைத்து அவள் தேய்த்தால் தோல் உரிந்துவிடும்.

போன வருஷம் சென்னைக்குப் போய் வலது மார்பை எடுத்துவிட்டு வந்தேன். கட்டி. தீதியிடம் தங்கை கல்யாணம் என்று பொய் சொல்லியிருந்தேன். திரும்பிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் திரும்பாமல், தனியாகக் குளித்தேன். அப்போதுதான் பிரெஞ்சுக்காரியின் மேல் நிஜமான பொறாமை வந்தது. முன்பக்கத்தை அவள் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. கொடுத்துவைத்தவள்.

தீதி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, மெயின்லேண்டிலிருந்து ஒரு மிட்டாய்கூடக் கொண்டுவரவில்லை என்று அவளுடைய இந்தியில் குறைப்பட்டுவிட்டு, "முஜ்ஸே நாராஜ் ஹோ க்யா?" என்றாள். என் மேல் கோபமா என்று கேட்கிறாள்! இந்தத் தீவில் எனக்கென்று இருப்பவள் இவள் ஒருத்திதான். இவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

அடுத்த தண்ணீர் நாளில் நாரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தேய்த்துக்கொண்டே வந்த கை, அக்குளுக்குக் கீழே தழும்பு தொடங்கும் இடத்தில் நின்றது.

"மெயின்லேண்ட் ஸே குச் லாயி நஹீ, தீதி," என்றேன். ஒன்றும் கொண்டுவரவில்லை. "சோட்கே ஆயி." விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அவள் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். குழாய் நின்ற பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள், எப்போதும்போலத் தோல் உரிய. வீட்டுக்குள் பிரெஞ்சுக்காரி தனியாகக் குளித்துக்கொண்டிருந்தாள்.