யங்கோனா வேரோடு ஒரு கேள்வி

என் வாழ்க்கையில் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் என் வாய்தான் காரணம். எங்கள் தீவில் சவுசவு விரிகுடாவின் ஓரத்தில் இருக்கும் ஓட்டலில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் பல வருடம் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் ‘பூலா’ என்று வணக்கம் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். பெருந்தொற்றுக் காலத்தில் ஓட்டலை மூடினார்கள். வாயை யாரும் மூடவில்லை.

மறுபடி திறந்தபோது புது முதலாளி, புது மேலாளர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த திருமதி ஹென்ஷா. பழைய ஆள் என்ற உரிமையில் போய் நின்றேன்.

“மேசையில நிக்க ஆள் இருக்காங்க, இனோகே. கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒருத்தர்தான் வேணும். உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம். நான் சொன்னது, “புரோகிராமே எழுதுவேன்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை வர வேண்டும். எனக்கு அதுவும் வேண்டியதில்லை.

“அப்ப ஒண்ணு எழுதிக் காட்டுங்க. படகுத்துறையிலேர்ந்து விருந்தாளிங்களைக் கூட்டிவர ரெண்டு படகு இருக்கு. ஒண்ணுல பன்னிரண்டு பேர்தான் ஏறலாம். யார் எதுல ஏறணும்னு அதுவே பிரிச்சுத் தரணும். அடுத்த வெள்ளிக்கிழமை பார்ப்போம்.”

வெள்ளிக்கிழமை காட்டாவிட்டால் எனக்கு மில்துரா. ஆஸ்திரேலியாவில் திராட்சை பறிக்கும் ஊர். என் மனைவி மகெரெத்தாவின் அண்ணன் வைசாலே இரண்டு வருடமாகப் போய்வருகிறான். இந்த முறை வரும்போது நல்ல ஆள் ஒருவனைக் கூட்டிவரும்படி அங்கே மேஸ்திரி சொல்லியிருந்தாராம். அந்த நல்ல ஆள் நான்தான் என்று மச்சான் முடிவு செய்துவிட்டான். ஒன்பது மாதம்.

மகெரெத்தா டவுனில் பழைய துணி விற்கும் கடைக்குப் போய் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். “காலைல பனி கொட்டுமாம், அதெலினா அப்பா” என்றாள். அவ்வளவுதான். எங்கள் ஊர் வெயிலில் அது சும்மா தொங்கியது. நான் கதவைத் தாண்டும்போதெல்லாம் தோளில் உரசியது. மகள் அதெலினாவுக்கு ஆறு வயது. ஒன்பது மாதம் என்றால் எவ்வளவு என்று கேட்டாள். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன் என்றேன். எந்தக் கிறிஸ்துமஸ் என்று கேட்டாள். எனக்குப் போக மனமில்லை. அதைச் சொல்ல மட்டும் இந்த வாய் வரவில்லை.

வீடியோ பார்த்துப் பார்த்து புரோகிராம் எழுதினேன். யாரோ எழுதியதைப் பார்த்து எழுதி, புரியாத இடத்தில் சாமி மேல் பாரத்தைப் போட்டு ஓடவிட்டேன். ஓடியது. இருபது விருந்தாளிகளின் பெயரைக் கொடுத்தேன். இருபது பேரையும் முதல் படகில் ஏற்றியது. வைசாலே பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டே திரையைப் பார்த்தான்.

“மச்சான், முதல் படகுல இருபது பேர். ரெண்டாவதுல யாரு?”

“யாருமில்ல.”

“அப்புறம் அது எதுக்குக் கூட வருது? முழுகறவங்களை அள்ளவா?”

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நான் கை வைக்க வைக்க அது இன்னும் உற்சாகமாக அதே படகில் ஏற்றியது. கடைசியில், புரோகிராம் எழுதுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் கூடும் ஓர் இணையதளம் இருக்கிறது, கேட்டால் காசு வாங்காமல் சொல்லித்தருவார்கள் என்று தெரிந்தது. சரி, கேட்போம் என்று உட்கார்ந்தேன்.

கேட்பதில் எங்கள் தீவுக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. தெரியாத ஊருக்குப் போனால், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரைக் கட்டாக எடுத்துப் போய், அவ்வூர்ப் பெரியவர் முன்னால் வைத்து, தலையைத் தாழ்த்தி உட்கார்ந்து, நான் இன்னார், இன்ன ஊர், இன்ன குலம் என்று சொல்லி, உங்கள் மண்ணில் காலை வைத்ததற்குப் பொறுத்தருள வேண்டும் என்று கேட்டு, அவர்கள் கைதட்டி வேரை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வந்த காரியம். அதற்குமுன் காரியத்தைச் சொல்கிறவன் வளர்ப்புச் சரியில்லாதவன். நான் நன்றாக வளர்க்கப்பட்டவன்.

ஆகவே எழுதினேன். “கணினி நாட்டின் பெரியோர்களே” என்று தொடங்கினேன். என் ஊர், என் குலம், அப்பா பெயர், தாத்தா பெயர், தாத்தா புயலில் தேவாலயக் கூரையைக் கயிறு போட்டுக் கட்டிய கதை, என் அறியாமை, அவர்கள் பெருமை எல்லாம் வரிசையாக வந்தன. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று அரைக் கிலோ யங்கோனா வேரைப் பாயில் வைத்துப் படம் பிடித்துச் சேர்த்தேன். கடைசி வரியில், “என் படகு விஷயத்தில் தயவு செய்ய வேண்டும்” என்று முடித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ‘பெரியோர்களே’ இல்லை. அப்பா இல்லை. தாத்தா கூரையோடு போய்விட்டார். அந்தத் தளத்துக்காரர்கள் வெட்டிவிட்டு மிச்சம் வைத்திருந்தது கடைசி வரியும் வேரும்தான். கீழே பதில்கள்.

“வணக்கமெல்லாம் இங்க வேண்டாம். கோடிங் எங்க?”

“படத்துல இருக்கறது இஞ்சியா?”

“படகு ஓடலைன்னா மெக்கானிக்கைக் கேளுங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. தாத்தாவைத் திரும்ப ஒட்டினேன். வெட்டினார்கள். ஒட்டினேன். வெட்டினார்கள். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதினேன், அதையும் வெட்டினார்கள். பிறகு, என்ன கேட்கிறார் என்று புரியவில்லை என எழுதிக் கேள்வியையே மூடிவிட்டார்கள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. வேரைப் படம் பிடிக்கும் மும்முரத்தில் நான் எழுதிய புரோகிராமில் ஒரு வரியைக்கூட அங்கே போடவில்லை.

வைசாலேயிடம் புலம்பினேன். “தாத்தா பேரை வெட்டிட்டானுங்கடா.”

“போன வாரம் உன் வீட்டுக்கு எதுக்கு வந்தேன்?” என்றான்.

“மண்ணெண்ணெய்க்கு.”

“என்ன சொன்னேன்?”

“‘மச்சான், மண்ணெண்ணெய்’னு சொன்ன.”

“உன் தாத்தா பேரைச் சொன்னேனா?”

“இல்ல.”

“என் தாத்தா பேரை?”

“இல்ல.”

“கொடுத்தியா இல்லியா?”

கொடுத்தேன். கொடுக்காமல் எப்படி இருப்பது? அதுதான் கெரெகெரே. சொந்தக்காரன் வேண்டியதைக் கேட்டால் இருக்கிறவன் கொடுக்க வேண்டும். பேச்சில்லை, கணக்கில்லை, நன்றியில்லை. நாளைக்கு நான் போய் அவனிடம் வலை கேட்பேன்.

“தலைவர் வீட்டுக்குப் போற மாதிரி போயிருக்க. அவங்க தலைவருங்க இல்ல, மச்சானுங்க. சொந்தக்காரங்கதானே வாசல்லயே இப்படித் திட்டுவாங்க, சந்தேகமா இருக்கா? போய் நேராக் கேளு.”

வேறு கேள்வி போட்டேன். “இரண்டு படகு, இருபது பேர். இரண்டு படகிலும் பிரிய வேண்டும். எல்லாரும் முதல் படகில் ஏறுகிறார்கள். கோடிங் கீழே.” வணக்கம் கூட இல்லாமல் எழுதிவிட்டு, யாராவது என் அம்மாவிடம் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. எழுதியது முழுவதையும் போட்டிருந்தேன். அதற்கும் திட்டு விழுந்தது: “இவ்வளவையும் யார் படிக்கிறது? தப்பு நடக்கற துண்டை மட்டும் போடுங்க.” வெட்டினேன். தாத்தாவை வெட்டியபோது குதித்தவன், இப்போது என் கையாலேயே வெட்டிக்கொண்டிருந்தேன்.

கடற்பறவை படம் வைத்திருந்த ஒருவர் பதில் எழுதினார். ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தக் குலம், எதுவும் தெரியாது. “ஆரம்பத்துல காலி இடத்தை ஒரு தடவை எண்ணுறீங்க. அப்புறம் கடைசி வரைக்கும் அதையே நம்பறீங்க. ஆள் ஏற ஏற இடம் குறையணுமில்ல? ஒவ்வொருத்தரை ஏத்தின பிறகும் எண்ணிக்கையில ஒண்ணைக் கழிங்க.”

ஒரே ஒரு வரி சேர்த்தேன். பன்னிரண்டு, எட்டு. மகெரெத்தா அடுப்படியிலிருந்து ஓடிவருகிற அளவுக்குக் கத்தினேன். பறவைக்கு மூன்று பத்தி நன்றி எழுதி, அனுப்பப் போகும்போது நினைவு வந்து அழித்தேன். ஒரு நல்ல காரியம் செய்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்தது அன்று முழுதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை திருமதி ஹென்ஷா இருபது பெயரைத் தட்டினார். பன்னிரண்டு, எட்டு என்று வந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“ரெண்டாவது படகு இன்ஜின் கெட்டுப்போச்சு. இப்ப?” என்று சொல்லி, அதையும் தட்டினார்.

திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. புரோகிராம் படுத்துவிட்டது. என் கண்ணுக்குத் திராட்சைக் கொடி தெரிந்தது. வாய் தானாகத் திறந்தது: மதிப்பிற்குரிய அம்மா, நான் இந்த ஓட்டலில் எத்தனையோ வருடம்... அதற்குமேல் போகவிடவில்லை. நானே வெட்டினேன்.

“எனக்குத் தெரியலைங்க. கேட்டுச் சொல்றேன்.”

“யாரை?”

“மச்சானுங்களை.”

அவர் எதிரிலேயே உட்கார்ந்து நாலு வரி எழுதி, துண்டுக் கோடிங்கைப் போட்டேன். அவர் காபி வரவழைத்தார். பறவை இல்லை. வேறு யாரோ வந்தார், வழக்கம்போலத் திட்டினார், “படகு தீர்ந்த பிறகும் ஆள் மிச்சமிருந்தா அவங்க எங்க நிக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே” என்று எழுதிவிட்டுப் போனார். சரிதானே. மிச்சப் பேரை அடுத்த நடைக்குக் காத்திருப்போர் என்று தனியாக நிறுத்தினேன். பன்னிரண்டு பேர் ஏறினார்கள், எட்டுப் பேர் கரையில் நின்றார்கள், யாரும் முழுகவில்லை.

“இந்த வேலைல முன்னாடி இருந்தவர் எதைக் கேட்டாலும் ஆயிடும் ஆயிடும்னு மூணு வாரம் ஓட்டினார்” என்றார் திருமதி ஹென்ஷா. “நீங்க திங்கட்கிழமை வாங்க.”

முதல் வாரத்திலேயே ஒரு நாள் லீவு கேட்டு அவருக்கு ஏழு பத்தியில் கடிதம் அனுப்பினேன். ஆறரைப் பத்தியை அடித்துத் திருப்பி அனுப்பினார். என்னை வெட்டத்தான் ஊரில் எத்தனை பேர்.

வைசாலே கப்பலுக்குப் புறப்பட்டது அந்த லீவு நாளில்தான். அவனை வழியனுப்பத்தான் கேட்டிருந்தேன். மேஸ்திரியிடம் நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லப் போகிறான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றான். அதெலினா என் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் அவனுக்குச் சொல்ல ஒரு பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். உன்னால்தான் நான் வீட்டில் இருக்கிறேன், நீ தனியாகப் போகிறாய், என்னை மன்னித்துவிடு என்பதெல்லாம் அதில் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

அவன் கதவுக்குப் பின்னால் பார்த்தான்.

“மச்சான், ஸ்வெட்டர்” என்றான்.

“உன்னோடது என்னாச்சு?”

“அது போன வருஷமே கிழிஞ்சு போச்சு.”

மண்ணெண்ணெய், உப்பு, என் நல்ல சட்டை, எதையும் கண் சிமிட்டாமல் கேட்கிறவன். வாரக்கணக்காக அந்த ஆணிக்கு எதிரில் உட்கார்ந்து கிழங்கு தின்றிருக்கிறான். அது எனக்குத் தேவைப்படலாம் என்று இருந்தவரை கேட்கவில்லை.

எடுத்துக் கொடுத்தேன். நன்றி அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வெயிலிலேயே போட்டுக்கொண்டு கப்பல்துறைப் பக்கம் நடந்தான். அதெலினா ஆணியைத் தொட்டுப் பார்த்து, “இனிமே இதுல என் ஸ்கூல் பையை மாட்டலாமா?” என்று கேட்டாள்.